மூச்சுக்கு விட்ட இடம்

மார்ச் 2

வாலுக்கு,

நீ அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக உன் அண்ணி சொன்னாள். போன் செய்தால் நீ வாயை மூடிக்கொண்டு கேட்கிறவள் இல்லை. ஆகவே கடிதம். எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. தடம் மாறிவிடாமல் இருக்க, சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உன் கழுத்துக் கட்டி.
2. நான் ஏன் ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன் என்பது.
3. பீட்டை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் தயார் செய்வது ஏன் நல்லது என்பது. அதாவது, தாளம் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பது.
4. இத்துடன் வரும் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்பது.

முதலாவது. சின்னக் கட்டிதான், ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள், குரல் கொஞ்சம் மாறலாம் என்று அண்ணியிடம் சொன்னாயாம். ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு? காலமெல்லாம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவனுக்கு இப்படியா செய்தி அனுப்புவது?

இரண்டாவது. ஆபரேஷனுக்கு முன்னால் உன் சொந்தப் பாட்டைப் பதிவு செய்துவிட நினைக்கிறாய். நினைக்க வேண்டியதுதான். இத்தனை வருடம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடினாய். சோப்பு விளம்பரத்துக்கும் பெயிண்ட் விளம்பரத்துக்கும் பாடினாய். உன் பெயரில் ஒரு பாட்டும் இல்லை. அதற்கு நான்தான் பீட் போட வேண்டும், அதுவும் ஸ்டுடியோவில் உன் எதிரில் உட்கார்ந்து போட வேண்டும் என்று நீ கேட்பதில்தான் சிக்கல். ஒருமுறை வந்தேனே, மறந்துவிட்டாயா? கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் காலைப் பொழுதில் நான் உண்டாக்கியது ஒரே ஒரு ‘டப்’. அதுவும் விழக் கூடாத இடத்தில் விழுந்தது. “சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்” என்றார் உன் ஸ்டுடியோக்காரர். (அவர் நடப்பது காதில் விழாததால் நீ பூனை என்று பெயர் வைத்தாயே, அவர்தான்.) டீ குடிக்கப் போனவன் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது. பூனை அங்கேயே, அப்போதே பீட் போடுகிறார் என்று நீ வியக்கிறாய். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரத்தில் போட்ட பீட், பாடுகிறவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வளைந்துகொடுக்கும். அது மரியாதையாக இருக்கலாம், தாளம் ஆகாது. சுவர் நேராக இருந்தால்தான் அதில் படம் மாட்ட முடியும். நான் இப்படித்தான் நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

நான்காவது. மூன்று பீட்டுகள் இருக்கின்றன. உன் பழைய பதிவுகளை எல்லாம் கேட்டு, ஒரு வரிக்கு நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாய் என்று அளந்து அதற்கு ஏற்பச் செய்திருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 6

அளவுகோல் அண்ணனுக்கு,

பேசத்தானே கூடாதுன்னாங்க. அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். சிவப்பு மையை எடுத்துச் சுழிச்சுடாதே.

உன் வரிசைப்படியே வரேன். கட்டி. ‘கொஞ்சம்’னா எவ்வளவுன்னு டாக்டரையே கேட்டேன். “சிலருக்கு மாறவே மாறாதும்மா, சிலருக்குக் கொஞ்சம் இறங்கிடும்”னார். அவரும் உன்னை மாதிரி நிறையப் படிச்சவர்தான். அவருக்கே ‘கொஞ்சம்’ வரைக்கும்தான் தெரியுது. ரொம்ப இறங்கிட்டா இனிமே ‘தம்பிக்கு’ன்னு ஆரம்பிச்சு எழுது.

டீ. “டீ குடிக்கப் போன சார் இன்னும் வரலையே, ஆறிடப் போகுது”ன்னு பூனை இன்னைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். கேலிதான், கெட்ட மனசு கிடையாது.

அப்புறம் உன் மூணாவது. தாளம் காத்திருக்கக் கூடாதாமே! ஏன், அது என்ன கடைசி பஸ்ஸா? சோப்புப் பாட்டுக்கு நீ வீட்டுல செஞ்சு அனுப்பினே, நான் இங்கே பாடினேன், சரியா இருந்துச்சு. ஏன்னா அது சோப்போட பாட்டு. இது என் பாட்டு அண்ணா. பூனையைக் கேட்டா டீ ஆறுறதுக்குள்ள ஒரு பீட் போட்டுக் குடுப்பார். அது வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் போடுறது. எனக்கு நீ எதிர்ல இருக்கணும். நான் பாடும்போது நீ மூஞ்சியைச் சுளிச்சா எங்கே தப்புன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல இருந்து அப்படித்தானே.

என் குரலை அளந்து வெச்சிருக்கேங்கிற. அளக்கிற நாழி அகவிலை அறியுமா? அதுக்கு அளவுதான் தெரியும், நெல்லோட விலை தெரியாது.

பீட்டை இன்னும் கேக்கல. நாளைக்கு ஸ்டுடியோவுல போட்டுப் பாடிப் பார்க்கிறேன். கடைசி வரியை மட்டும் உனக்கு முன்கூட்டியே சொல்றேன்: ‘பின்னால யார் பாடுறதுன்னு கேட்டீங்களே, நான்தான்.’ எப்படி?

வாலு


மார்ச் 10

வாலுக்கு,

கடைசி வரி நன்றாக இருக்கிறது.

அண்ணி உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று பீட்டும் ஒத்துவரவில்லை என்றும், ‘ஓடுது, நிக்க மாட்டேங்குது’ என்று நீ ஒரு தாளில் எழுதிக் காட்டினாய் என்றும் சொன்னாள். இத்துடன் புதிதாக இரண்டு அனுப்புகிறேன். வேகத்தைக் குறைத்திருக்கிறேன். இதற்கு மேல் குறைத்தால் அது தாளமாக இருக்காது, குழாயில் சொட்டுகிற தண்ணீராக இருக்கும்.

என் சிரமத்தையும் சொல்ல வேண்டும். பதிவுகளில் உன் குரலைத் துல்லியமாகக் கேட்பதற்காகக் கதவில் போர்வை தொங்கவிட்டு, ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு வேலை செய்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். பால் திரிந்துபோயிற்று. அண்ணி வந்து நின்றாள்.

“தாளம் போடுறீங்களா, இல்ல வரிக் கணக்குப் போடுறீங்களா? இன்னொரு தடவை ஃப்ரிட்ஜுல கை வெச்சீங்க, பாலோட சேர்த்து உங்களையும் வெளியே வெச்சுடுவேன்.”

“அவளுக்காகத்தாம்மா.”

“அவளுக்காகன்னா அவகிட்ட போங்க. ஃப்ரிட்ஜுகிட்ட எதுக்குப் போறீங்க?”

நான் போய்ப் புதுப் பால் வாங்கி வந்தேன்.

அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். பிழை இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விளையாட்டாகத்தான் சொல்கிறேன். பயிற்சி செய்தால் சரியாக வரும்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணாவுக்கு,

புது பீட்டையும் பாடிப் பார்த்தாச்சு. ரெண்டாவது வரி முடியறதுக்குள்ள மூணாவது வந்து இடிக்குது. நாலாவதுல எனக்கு மூச்சு முட்டி இருமல் வந்துடுச்சு. பூனை மைக்கை அணைச்சுட்டு வெளியே போய் நின்னுக்கிட்டார். நான் இருமுறதைப் பார்க்கக் கூடாதுன்னு போனாரு போல.

அப்புறம் வந்து சொன்னார்: “அக்கா, ஒவ்வொரு வரியாப் பாடுங்க. நான் வெட்டி ஒட்டிடுறேன். ஒரே மூச்சுல பாடின மாதிரி இருக்கும்.” அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். வெட்டி ஒட்டினது எப்படி என் பாட்டாகும்?

கூடம் கோணல்தான் அண்ணா. நான் ஆடத் தெரியாதவளாவே இருந்துட்டுப் போறேன்.

நாலு வரி மட்டும் பாடி இதோட அனுப்பியிருக்கேன். தாளம் எதுவும் போடல. தயவுசெஞ்சு இதைச் சுத்தம் பண்ணாதே. அப்படியே கேளு. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில சேரணும்.

தங்கை


மார்ச் 16

வாலுக்கு,

இதற்கு வரிசை எதுவும் போடவில்லை. போட முயன்றேன், ஒன்று என்று எழுதியதோடு நின்றுவிட்டது.

எந்தப் பதிவு வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். பாடுகிறவரின் மூச்சு, உமிழ்நீர் விழுங்குவது, உடை உரசுவது, எல்லாவற்றையும் அழுக்கு என்று எடுத்துவிடுவேன். உன்னுடைய பதிவு ஒவ்வொன்றிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். பிறகு மிஞ்சிய குரலை அளந்தேன். ஒரு வரி முடிந்த இடத்தில் அடுத்த வரி ஒட்டிக்கொண்டு நின்றது. அதைத்தான் உன் குரல் என்று நினைத்தேன். மூச்சே வாங்காத ஒருத்திக்கு பீட் போட்டிருக்கிறேன். அப்படி ஒருத்தி இல்லை. இருந்தாலும் அவள் என் தங்கை இல்லை.

இந்த நாலு வரியை நீ சொன்னபடி அப்படியே கேட்டேன். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இரண்டாவது வரிக்கு முன்னால் நீ மூச்சை இழுக்கிறாயே, அதில் ஒரு கீச்சொலி இருக்கிறது; இடுக்கான சந்துக்குள் காற்று நுழைவது போல. சின்னக் கட்டி என்று அண்ணியிடம் சொல்லியிருந்தாய். அது சின்னக் கட்டி இல்லை. நீ சொல்லாததை உன் மூச்சு சொல்லிவிட்டது.

கூடம் கோணல் என்ற அந்தப் பழமொழியை நான் எழுதியிருக்கக் கூடாது.

நான் வருகிறேன். பூனையிடம் சொல்லிவை. கண்ணாடிக்குப் பின்னால் வேறு யாரும் இருக்க வேண்டாம். அறையில் கடிகாரம் இருந்தால் கழற்றிவிடச் சொல். என்னால் அங்கே எதுவும் செய்ய முடியாமல் போகலாம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன்


மார்ச் 18

அளவுகோல் அண்ணனுக்கு,

வியாழக்கிழமை காலையில வா. கடிகாரத்தைப் பூனை கழட்டிட்டார். கழட்டின இடத்துல சுவர் வெள்ளையா வட்டமாத் தெரியுது. அதைப் பார்த்து நேரம் கேக்காதே.

“சாருக்கு டீ வெளியில வாங்கித் தர மாட்டேன், உள்ளேயே போட்டுடுறேன்”னு சொல்லச் சொன்னார்.

கட்டி பத்தி அங்கே வெச்சு ஒண்ணும் கேக்காதே. பாட்டைப் பத்தி மட்டும் பேசு. அண்ணிகிட்டயும் சொல்லாதே. அவங்க அழுதா நானும் அழுவேன், தொண்டை கட்டிக்கும்.

வாலு


மார்ச் 27

அண்ணா,

ஆபரேஷன் முடிஞ்சுது. கட்டியை எடுத்துட்டாங்க. கெட்டது ஒண்ணும் இல்லையாம். மூச்சுக்குழாயை அழுத்திக்கிட்டு இருந்ததாம், இப்ப காற்று தாராளமாப் போகுது. கழுத்துல பெரிய கட்டு. வாயைத் திறக்கவே கூடாதாம். நர்ஸ் ஒரு சிலேட்டு குடுத்திருக்காங்க. டாக்டர் வந்து “எப்படி இருக்கீங்க?”ன்னார். ‘கொஞ்சம்’னு எழுதிக் காட்டினேன். அவருக்கு ஒண்ணும் புரியல.

குரல் எப்படி வரும்னு கட்டைப் பிரிச்சு, பேச விட்டாத்தான் தெரியும். தெரியற வரைக்கும் படுத்துக்கிட்டு அந்த வியாழக்கிழமையையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நீ அன்னைக்கு உன்னைப் பார்த்திருக்க முடியாது. அதனால சொல்றேன்.

கையில ஒரு பை, பைக்குள்ள இன்னொரு பை. பவர் கார்டு, ஹெட்போன், பென் டிரைவ், உக்கார ஒரு திண்டு. போருக்குப் போறவன்கூட இவ்வளவு எடுத்துக்கிட்டுப் போகமாட்டான். உள்ளே வந்ததும் வெள்ளை வட்டத்தைப் பார்த்தே. நான் சிரிச்சுட்டேன்.

வீட்டுல செஞ்சு கொண்டுவந்ததைப் போட்டே. நான் பாடினேன். திரும்பவும் அதே இடத்துல முட்டுச்சு. கையைத் தூக்கி நிறுத்தினேன். உன் மூஞ்சி வெளுத்துடுச்சு. சரி, இப்ப நீ டீ குடிக்கக் கிளம்பிடுவேன்னு நினைச்சேன். பூனையும் அப்படித்தான் நினைச்சிருப்பார், கதவை மறைச்சுக்கிட்டு நின்னார்.

நீ கிளம்பல. தொண்டையைக் கனைச்சுட்டு, “திரும்பப் பாடும்மா. ஆனா பாடாதே”ன்னே.

“என்னண்ணா சொல்ற?”

“சத்தம் வேண்டாம். வாயை மட்டும் அசை. எங்கே மூச்சு வாங்கணுமோ அங்கே வாங்கு. வாங்குறதை மறைக்காதே.”

பூனை உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், இத்தனை வருஷமா மூச்சை வெட்டி வெட்டிக் குப்பையில போட்டவன் நான். இன்னைக்கு அதை மட்டும் ரெக்கார்டு பண்ணச் சொல்றீங்க.”

“குப்பையில போட்டதுல நானும் கூட்டுதான்”னே நீ.

முழுப் பாட்டையும் நான் மூச்சாலயே பாடினேன். அப்படி ஒரு அமைதி அந்த ரூம்ல நான் கேட்டதில்ல. நீ திரையில நான் மூச்சு வாங்கின இடத்துல எல்லாம் உன் அடியை ஒண்ணொண்ணா எடுத்தே. வீட்டுல உக்காந்து பார்த்துப் பார்த்து வெச்சதை எல்லாம் எடுத்தே. சண்டையில தோத்தவன் மாதிரி இல்ல. விருந்தாளி வந்தா நாற்காலியை ஒதுக்கிப் போடுற மாதிரி எடுத்தே.

அப்புறம் நிஜமாப் பாடினேன். ஆனா மூச்சு என்ன உன் மாணவனா, சொன்ன இடத்துல வந்து நிக்க? இந்தத் தடவை வேற இடத்துல வாங்கிட்டேன். தப்பாயிடுச்சுன்னு நான் நிறுத்தப் போனேன். நீ கம்ப்யூட்டரை நிறுத்திட்டு, தட்டினா அடி விழுற அந்தச் சின்னப் பட்டன் பெட்டியை இழுத்துக்கிட்டே. “நிறுத்தாதே. கனமான அடியை மட்டும் நான் கையால போடுறேன். நீ உன் பாட்டுக்குப் பாடு”ன்னே. என் அண்ணன்! திட்டம் போடாம!

பூனை பாட்டை உனக்கு அனுப்பிட்டாராம். ‘நான்தான்’னு வர்றதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் வெறும் அமைதியா இருக்காம். கேக்குறவங்க பாட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சுடுவாங்க, கொஞ்சம் வெட்டலாமான்னு கேட்டார். அண்ணன் சொல்லட்டும்னு சிலேட்டுல எழுதிக் காட்டிட்டேன். உன் கையில இருக்கு.

வாலு


ஏப்ரல் 1

வாலுக்கு,

கெட்டது இல்லை என்ற வரியை அண்ணி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது முறை வாசிக்கையில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அந்த இடைவெளியைப் பற்றி. உனக்கு அது நினைவில் இருக்காது; நீ கண்ணை மூடியிருந்தாய். ‘கேட்டீங்களே’ என்று பாடி நிறுத்தினாய். நான் விரலைப் பட்டனுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே உன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இடங்களில் எல்லாம் தோள் எழும்பும், எழும்பினால் மூச்சு, மூச்சுக்குப் பின் குரல், குரலோடு அடி. அதற்குள் அது எனக்குப் பழகியிருந்தது. அங்கே தோள் எழும்பவில்லை. பூனை என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பயமாக இருந்தது. தாளம் தவறிவிடுமே என்ற பயம் அல்ல. அதை நான் மறந்தே போயிருந்தேன். பிறகு உன் தோள் எழும்பியது. கீச்சென்று காற்று உள்ளே போனது. ‘நான்தான்’ என்றாய். அடித்தேன். விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

நேற்று வீட்டில் அதைத் திரையில் திறந்தேன். பாட்டு இருக்கும் இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அங்கே மட்டும் நேர்கோடு. பழக்கதோஷம், அளந்து பார்த்தேன். எவ்வளவு என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. கோட்டின் மேல் மவுஸை ஓட்டியதும் அது நீலமாக மாறியது. அழிக்கும் பட்டனில் விரலும் வைத்தேன். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, பாட்டு நின்னுபோச்சா?”

“இல்லம்மா. மூச்சு வாங்கப் போறா.”

“வாங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று கேட்டாள். நீ ‘நான்தான்’ என்றதும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வெட்டவில்லை. இப்படியே இருக்கட்டும் என்று பூனைக்கு எழுதிவிட்டேன். பாட்டு முடிந்தது என்று நினைத்து யாராவது எழுந்து போனால் போகட்டும்.

வீட்டில் தயார் செய்வதை நான் விட்டுவிடப் போவதில்லை. வைத்திருந்ததால்தானே எடுக்க முடிந்தது. அதில் மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பேச அனுமதி கிடைத்ததும் போன் செய். எந்தக் குரல் வருகிறதோ அந்தக் குரலில் பேசு. போனை எடுத்ததும் உடனே பேச வேண்டும் என்பதில்லை. நான் ஹலோ ஹலோ என்று கத்தமாட்டேன். யார் என்றும் கேட்கமாட்டேன்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாக, தாளம் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அண்ணன்